பச்சோந்திக்குக் கூண்டு கட்டிய கதை: மழை பெய்ய வைப்பது சுலபம், வடிய வைப்பதுதான் வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில், என் வீட்டுக் கூடத்து மூலையில் நடந்த கதை. ஊரிலிருந்து படிக்கிறவர்கள் வேலியோரம் ஊர்ந்துபோகும் பச்சோந்தியைப் பிடித்துவந்து இதைச் செய்துபார்க்க வேண்டாம். நம்மூர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற உயிர், வீட்டில் வைத்திருந்தால் கேஸ்தான். நான் வளர்ப்பது வேறு இனம். ஏமனும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பக்கமும் அதன் சொந்த ஊர். இங்கே 'வெயில்ட் கமீலியன்' என்பார்கள், அதாவது முக்காடு போட்ட பச்சோந்தி. தலைமேல் சேவல் கொண்டை மாதிரி எலும்புக் குல்லா ஒன்று நிமிர்ந்து நிற்கும். எங்களுடையது காட்டில் பிடித்ததல்ல, ஒரு வளர்ப்பாளரிடம் முட்டை பொரித்து வளர்ந்தது. வாங்கும்போது நாலு மாதக் குட்டி. பின்னங்கால் குதியில் சின்ன முள் போல ஒரு துருத்தல் இருந்தால் ஆண் என்று அர்த்தம், இருந்தது. பெயர் துரை. நடையைப் பார்த்து என் மகள் வைத்த பெயர், ஒரு அடி எடுத்து வைக்க நாலு தடவை யோசிக்கிறார்.

ஊரில் அப்பாவிடம் வீடியோ காலில் சொன்னபோது, "வெயில்ட்டா? பேர்லயே வெயில் இருக்கு, அதைக் கொண்டுபோய்ப் பனியில வெச்சிருக்கியேடா" என்றார். அம்மா பக்கத்திலிருந்து, "வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது குடையுதுங்கப் போறான்" என்று முடித்துவிட்டார். பழமொழியைச் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு அந்த விஷயம் அத்துடன் தீர்ந்தது. ஆனால் அப்பா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், கூண்டு கட்டப்போகிறேன் என்றதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அது நல்லதாகப் போயிற்று, அதைப் பின்னால் சொல்கிறேன்.

குட்டியை எடுத்து வருவதற்கு முன்னாலேயே கூண்டு தயாராக இருக்கவேண்டும் என்பதைப் படித்திருந்தேன். ஒரு செல்லப்பிராணிக் கடையில் விசாரித்தபோது, மீன் தொட்டி மாதிரி ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியும், திருகு வடிவச் சின்ன யூவி (புற ஊதாக் கதிர்) பல்பு ஒன்றும், அடியில் கொட்ட மரச்சீவலும் போதும் என்றார்கள். அந்த மூன்றுமே துரைக்கு ஆகாது. பச்சோந்தி தரையில் ஓடுகிற பிராணி இல்லை, கிளையில் மேலும் கீழும் ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய சூட்டையும் நிழலையும் தானே தேடிக்கொள்கிற பிராணி, அதனால் அகலத்தைவிட உயரம்தான் முக்கியம். வளர்ந்த ஆணுக்குக் குறைந்தது இரண்டடிக்கு இரண்டடி, நாலடி உயரம். சரி, கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். கடையில் அதே அளவில் அலுமினியச் சட்டத்தில் வலைக்கூண்டு கிடைக்கிறது, செலவைக் கணக்குப் பார்த்தால் அதுவே மலிவு. நான் கட்டியதற்கு ஒரே காரணம் இங்குள்ள குளிர்காலம்.

அதாவது நான்கு பக்கமும் வலை என்றால் ஃபுளோரிடாவில் சரி. அங்கே இந்த இனம் தப்பிப்போய்த் தோட்டங்களில் பெருகியே கிடக்கிறது. இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்றின் ஈரப்பதத்தை அளந்தால் என் மீட்டர் 19 சதவீதம் காட்டியது. உதடு வெடிக்கிற வறட்சி. வலைக்கூண்டில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பத்து நிமிடத்தில் போயே போச்சு. முழுக் கண்ணாடி என்றால் ஈரம் நிற்கும், காற்று நிற்காது... இல்லை, காற்றும் நின்றுவிடும், அதுதான் பிரச்சினை. தேங்கின ஈரக்காற்றில் இதற்குச் சளி பிடித்து நுரையீரலில் இறங்கிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி: பின்பக்கமும் இரண்டு விலாப்பக்கமும் வெள்ளை பிவிசி பலகை, மேல்பக்கம் வலை, முன்கதவில் மேல் முக்கால் பங்கு பாலிகார்பனேட் என்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தகடு, கீழ்க் கால் பங்கு வலை. உள்ளே விளக்குச் சூட்டில் காற்று மேலே போகப்போக, கீழ் வலை வழியாகப் புதுக்காற்று தானாக உள்ளே வரும். பழைய வீடுகளில் சமையலறைப் புகைபோக்கி வேலை செய்கிற விதம்தான். ஊதுபத்தி ஒன்றைக் கீழே பிடித்துப் பார்த்தேன் (துரை வருவதற்கு முன்னால்), புகை உள்ளே போய் நேராக மேல் வலைக்குப் போயிற்று. அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

பக்கங்களுக்கு வெள்ளைப் பலகை போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்துக் கறுத்து, கழுத்தை உப்பி, நாளெல்லாம் மல்லுக்கட்டும். தனியாக வாழ்கிற ஜந்து, ஜோடி எல்லாம் தேடிக் கொடுக்கக் கூடாது.

சட்டத்துக்கு இரண்டு அங்குலப் பைன் கட்டைகள். மூலைக்கு மூலை எல் வடிவத் தகடு, எல்லாத் திருகாணியும் துருப்பிடிக்காத ரகம். மரத்தை அப்படியே விட்டால் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தண்ணீர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை அடித்து, காய்ந்த பிறகும் இரண்டு வாரம் கராஜில் விட்டேன், மூக்கை வைத்தால் வாசனை வரக்கூடாது என்கிற வரைக்கும். வலை விஷயத்தில் முதலில் ஜன்னலுக்குப் போடுகிற ஃபைபர் கொசுவலையை அடித்தேன், மலிவு என்று. நல்லவேளை, துரை வருவதற்கு முன்னாலேயே இரைக்காக வாங்கி வைத்த கிரிக்கெட் பூச்சிகளை அதில் விட்டுப் பார்த்தேன். கிரிக்கெட் என்றால் விளையாட்டு இல்லை, ராத்திரி மூலையில் கத்துமே, நம்மூர்ச் சுவர்க்கோழி, அந்த ஜாதி. இரண்டே ராத்திரியில் வலையைக் கடித்து ஓட்டை போட்டுக் கூடம் முழுக்கக் கச்சேரி. அதைப் பிரித்தெறிந்துவிட்டு, கால் அங்குலக் கண் உள்ள, பிவிசி பூசிய கம்பிவலை போட்டேன். பூசாத வெறும் ஜிங்க் கம்பி வேண்டாம், வெட்டின முனைகள் கூராக நிற்கும், பச்சோந்தி வலையில் தொங்கி ஏறுகிற பிராணி, நகம் சிக்கிப் பிய்ந்துவிடும். கால் அங்குலக் கண்ணில் குட்டிப் பூச்சிகள் தப்பிக்கும் என்பது உண்மை, அதற்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

கிளைகளுக்குப் பக்கத்து வீட்டில் வெட்டின ஆப்பிள் மரம் கிடைத்தது. மருந்து அடித்த மரமா என்று கேட்டுக்கொண்டு, பட்டையைத் தேய்த்துக் கழுவி, துண்டு துண்டாக ஓவனில் 110 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தேன். வீடு முழுக்க நல்ல வாசம்தான், ஆனாலும் "கேக் பண்ற ஓவன்ல கொப்பை வெக்கிறீங்களே" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பைன், தேவதாரு மாதிரிப் பிசின் வடிகிற மரம் ஆகாது. கிளையின் பருமன் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்: பச்சோந்தியின் கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி இடுக்கி மாதிரி இருக்கும், அந்த இடுக்கி சுற்றிப் பிடிக்கிற அளவில் இருக்கவேண்டும். குட்டிக்குப் பென்சில் பருமன், பெரிதாகப் பெரிதாகக் கட்டைவிரல் பருமன். எல்லாம் கலந்து வைத்தேன். கிளைகளை வலையில் கட்டினால் எடை தாங்காது, எனவே சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே அலுமினியப் பட்டைகளைத் திருகி அதில் ஜிப் டை போட்டுக் கட்டினேன். செடித்தொட்டிகளில் சிலதும் அதிலேயே தொங்குகின்றன.

செடிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணி பிளாண்ட், குடை விரித்த மாதிரி இலை வைக்கிற ஷெஃப்லெரா, ஒரு ஃபைகஸ் பெஞ்சமினா, ஒரு செம்பருத்தி. இந்த இனம் இலையையும் கடித்துத் தின்னும் என்பதால் பிளாஸ்டிக் செடி வேண்டாம். கடையிலிருந்து வந்ததும் இலையை இலையாகக் கழுவி, உரம் போடாத மண்ணுக்கு மாற்றி, மேலே அதன் தலையைவிடப் பெரிய கூழாங்கல்லாகப் பரப்பினேன். சின்னக் கல்லாக இருந்தால் பூச்சியோடு சேர்த்து விழுங்கிவைக்கும். அடித்தளத்தில் எதுவும் கொட்டவில்லை, அதே காரணம்தான். ஃபைகஸ் இடம் மாற்றியதும் கோபித்துக்கொண்டு பாதி இலையை உதிர்த்தது, ஒரு மாதத்தில் தானே தளிர்த்தது.

இப்போது விளக்கு. இரண்டு விளக்கு வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்று டி5 என்கிற நீளமான மெல்லிய டியூப், 6 சதவீத யூவிபி (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) கொடுப்பது, இரண்டடி. யூவிபி கதிர் தோலில் படவில்லை என்றால் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகாது, அது இல்லாமல் சாப்பிட்ட கால்சியம் எலும்பில் சேராது, கால் எலும்பு வில்லாக வளைந்து தாடை மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது, ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். டியூப் வெளிச்சம் பார்வைக்குக் குறையாமலே கதிர் மட்டும் குறைந்துகொண்டு வரும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும், நான் மார்க்கர் பேனாவில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மேல் வலையும் கொஞ்சம் கதிரைத் தின்னும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, டியூபுக்கும் துரையின் முதுகுக்கும் எட்டு ஒன்பது அங்குலம் இருக்கிற மாதிரி வெயில்காயும் கிளையைக் கட்டினேன்.

இன்னொன்று சூட்டுக்கான பல்பு. இதில்தான் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். 100 வாட் பல்பை வலை மேலேயே உட்கார வைத்து, கிளையில் தெர்மாமீட்டர் முனையைக் கட்டிப் பார்த்தால் 31 டிகிரி. பிரமாதம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போது தோன்றியது: துரை கிளைக்குள்ளா உட்காரப் போகிறார், கிளை மேலே அல்லவா உட்காருவார். மறுநாள் துரையின் உயரத்துக்கு ஒரு தக்கையை வெட்டிக் கிளையில் நிறுத்தி, அதன் உச்சியில் முனையைக் குத்தி அளந்தேன். 38. இன்னும் கொஞ்சம் தூக்கி, கொண்டை வருகிற இடத்தில் பிடித்தேன், 41. பச்சோந்திக்கு மேலிருந்து வருகிற சூடு சுடுகிறது என்று சட்டென்று உறைக்காது, உட்கார்ந்தபடியே கொண்டையும் முதுகும் பொசுங்கும் வரைக்கும் காய்ந்துகொண்டிருக்கும். அந்தத் தக்கை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். 50 வாட் ஹாலஜனுக்கு மாறி, விளக்கை வலையிலிருந்து எட்டு அங்குலம் மேலே சங்கிலியில் தொங்கவிட்டு, தக்கையின் தலையில் 28, 29 வருகிற வரைக்கும் சங்கிலிக் கண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினேன். குட்டிக்கு அது போதும், வளர்ந்த ஆணுக்கு 30, 31 வரை போகலாம். கூண்டின் கீழ்ப்பாதி 22, 23. ராத்திரி எல்லா விளக்கும் அணைந்து 18க்கு இறங்கினாலும் நல்லதுதான், அந்தச் சிவப்பு இரவு பல்பு எல்லாம் தேவையில்லை, இருட்டு இருந்தால்தான் தூங்கும். டைமரில் 12 மணி நேரம் பகல், 12 மணி நேரம் இரவு.

கூண்டைத் தரையில் வைக்கவில்லை, கீழே இரண்டரை அடி உயர ஸ்டாண்டு. துரை உட்காருகிற கிளை நம் தலைக்கு மேலே இருக்கவேண்டும், மேலிருந்து குனிந்து பார்க்கிறதெல்லாம் அதற்குக் கழுகுதான். அந்த ஸ்டாண்டுக்குள்தான் பம்பும் வாளியும். இனிமேல்தான் கதையே.

பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. நிற்கிற தண்ணீரை அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இலையில் சொட்டு மின்னவேண்டும், அதை நக்கும். எனவே மேல் மூலைகளில் பொடித்தூறலாகத் தெளிக்கிற இரண்டு நாசில், ஒரு சின்னப் பம்பு, டைமர். விடிகாலை விளக்கு வருவதற்கு முன் இரண்டு நிமிடம், மதியம் ஒன்று, விளக்கு அணைந்த பிறகு ஒன்று. அதோடு பகலில் ஒரு டப்பாவில் ஊசித்துளை போட்டு இலை மேல் சொட்டச்சொட்ட விடுவது. அளந்து பார்த்தேன், தெளிப்பானில் மட்டும் நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் உள்ளே போகிறது, சொட்டு டப்பா இன்னொரு லிட்டர். மழை வந்தாயிற்று. அந்த மழை எங்கே போகும்?

நான் செய்த ஏற்பாடு, வலைபோட்ட அடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. இங்கே குளிர்காலத்தில் வாசலில் பனி ஒட்டின பூட்ஸை வைக்கிற நீளத் தட்டு உண்டு, அது. தினம் எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மாண்ட்ரியலில் ஒரு கல்யாணம், மூன்று நாள். பூச்சி போடவும் பார்த்துக்கொள்ளவும் நண்பரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனேன், தட்டைப் பற்றி மட்டும் சொல்ல மறந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஒரு வாசனை, ஊறின அட்டைப் பெட்டி வாசனை. கூடத்து லாமினேட் தரையில் நாலு பலகை ஓரம் தூக்கிக்கொண்டு அப்பளம் பொரிந்த மாதிரி நிற்கிறது. கால் வைத்தால் சளக். துரை மட்டும் மேலே தன் பாட்டுக்கு ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் என் மனைவியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை கொஞ்சம் புத்தியாகச் செய்கிறேன் என்று, அடியில் கால் அங்குல பிவிசி பலகை ஒன்றை இறக்கி, நட்டநடுவில் ஓட்டை போட்டு, வாஷர் போட்டு இறுக்குகிற குழாய்ப் பொருத்தி ஒன்றை மாட்டி, அதிலிருந்து டியூப் கீழே 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்கு. ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் செடித்தொட்டிகளின் எடைக்குப் பலகை ஆங்காங்கே அமுங்கி, மூலைக்கு மூலை குட்டை. செத்த பூச்சி மிதக்கிறது, கொசு மாதிரிப் பொடி ஈ பறக்கிறது, ஓட்டைப் பக்கம் மட்டும் காய்ந்து கிடக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனைக் காட்டினேன். கூண்டுக்குள் போனை விட்டுத் தரையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

"ரசமட்டம் வெச்சியாடா?"

"வெச்சேன்பா, கரெக்டா லெவலா இருக்கு."

"லெவலா இருந்தா தண்ணி எங்கடா போகும்? அங்கயேதான் ஒக்காந்திருக்கும். மொட்டைமாடித் தளத்துக்கு நான் என்ன பண்ணுவேன், நீ சின்னப் பிள்ளையில கூடவே நின்னு பார்த்திருக்கியே."

பார்த்திருக்கிறேன்தான். வாட்டம். தளம் போட்டால் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கவே கூடாது என்பார், தண்ணீர் போகவேண்டிய குழாய்ப் பக்கம் சரிந்திருக்கவேண்டும். ஓடு பதிக்கும் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார், எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று. கனடாவில் பதினோரு வருடம் ஆகியும் அந்தச் சொம்பு எனக்கு ஞாபகம் வரவில்லை.

சரி, மூன்றாம் தடவை. துரையை ஒரு பெரிய துணிக்கூடைக்குள் செடியோடு இரண்டு நாள் குடிவைத்துவிட்டு (வெறுப்பில் கருங்கறுப்பாகிவிட்டார்), அடித்தளத்தை முழுதாகப் பிரித்தேன். நடு ஓட்டை வேண்டாம், பின்பக்க வலது மூலையில் ஓட்டை. எதிர் மூலையில் முக்கால் அங்குலம், மற்ற இரண்டு மூலைகளில் அதில் பாதி உயரம் வருகிற மாதிரிச் சரிவாகச் சீவின கட்டைகளைச் சட்டத்தில் ஒட்டி, அதன் மேல் பலகை. அதாவது இரண்டு பக்கமிருந்தும் ஒரே மூலைக்கு வாட்டம். தொட்டிகளின் எடை பலகையில் இறங்கக் கூடாது என்பதற்காகப் பிவிசி குழாயை வெட்டி ஒரு மணை மாதிரி செய்து, அதன் கால்கள் சட்டத்துக் கட்டை மேல் நேராக நிற்கிற மாதிரி வைத்தேன். பலகை இப்போது தண்ணீரை மட்டும்தான் தாங்குகிறது. சுற்றிலும் மீன்தொட்டிக்குப் போடுகிற சிலிகான், பூஞ்சை மருந்து கலக்காதது. காடி நெடி அடிக்கும், அது போகிற வரைக்கும் காயவிடவேண்டும்.

அப்பாவை வீடியோவில் வைத்துக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் அகலமாகப் பரவி, ஒரு நொடி யோசித்து, அப்படியே கோலம் அழிகிற மாதிரி மூலைக்கு ஓடியது. வாளியில் சத்தம். நான் கை தட்டப்போனேன், அப்பா, "இரு, இன்னும் கிட்டக் காட்டு" என்றார். ஓட்டையைச் சுற்றி இரண்டு ரூபாய்க் காசளவு வளையமாகத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. பொருத்தியின் வாய் விளிம்பு பலகைக்கு மேலே ஒரு நூல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அந்த உயரத்துக்குத் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். "வாயை உள்ள இறக்குடா. குழாய் வாய் எப்பவும் தளத்துக்குக் கீழதான் இருக்கணும்." எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கமிருந்து, ஓரம் விரிசல் விட்ட போனில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த ஒரு நூலைக் கண்டுபிடித்தார். நான் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. பொருத்தியைக் கழற்றிவிட்டு, ஓட்டையின் மேல் விளிம்பைக் குடைந்து புனல் மாதிரி சரித்து, குழாயைக் கீழிருந்து ஏற்றி விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திச் சிலிகான் பூசினேன். மேலே ஒரு சின்னத் தேநீர் வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தேன், இலையும் செத்த பூச்சியும் அடைக்காமலிருக்க. அதற்கப்புறம் ஒரு சொட்டு நிற்கவில்லை.

தண்ணீரோடு சேர்த்து மின்சாரத்தையும் ஒரு வார்த்தை. எல்லா வயரும் பிளக்குக்குப் போகும் முன்னால் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறவேண்டும், வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பிளக் போர்டும், கசிவு வந்தால் தானே துண்டித்துக்கொள்கிற ரகமாக இருக்கட்டும். நான் இதை முதலிலேயே செய்திருந்தேன், மாண்ட்ரியல் சம்பவத்தில் தரை மட்டும் போனதற்கு அதுதான் காரணம்.

ராத்திரி ஈரப்பதத்துக்கு ஒரு மூடுபனி எந்திரம். பகலில் 40, 45 சதவீதம் போதும், ராத்திரி குளிர்ந்த நேரத்தில் 80, 90க்கு ஏறவேண்டும். அதன் ஊரில் மலையோரம் ராத்திரி மூடுபனி இறங்கும், மூச்சு வழியாகவே உடம்புக்கு ஈரம் போகும் என்பது கணக்கு. இதில் ஒரே எச்சரிக்கை, சூடும் புழுக்கமும் சேர்ந்து இருக்கக் கூடாது. ஹீட்டரை ராத்திரி 18க்குக் குறைத்துவிட்டுத்தான் 1 மணியிலிருந்து 5 மணி வரை பனியை ஓடவிடுகிறேன், எங்களுக்கு ஒரு கம்பளி கூடுதலாகியிருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கதவுத் தகடு மேலெல்லாம் வெள்ளைப் பொடி படியும், காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றவேண்டும். எந்திரத்தைத் தினம் அலசாவிட்டால் உள்ளே வழவழப்பு பிடிக்கும், அதைத்தான் துரை மூச்சில் இழுப்பார்.

பூச்சி தப்பிக்கிற விஷயம் சொல்லியிருந்தேனே. கூண்டில் அப்படியே அவிழ்த்துவிடாமல், உயரமான தயிர் டப்பா ஒன்றை எடுத்து, பின்சுவரில் மட்டும் வலைத்துண்டு ஒட்டி, துரை உட்காருகிற கிளைக்குக் கீழே கட்டினேன். பூச்சி அந்த வலையில் ஏறும், மற்ற மூன்று பக்கம் வழுக்கும். துரை ஒரு கண்ணை மட்டும் டப்பாப் பக்கம் திருப்புவார், அப்புறம் இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னால் வந்து குறி பார்க்கும், உடம்பைவிட நீளமான நாக்கு போய்த் திரும்பிவிடும். ஒவ்வொரு தடவையும் பூச்சி மேல் டி3 கலக்காத கால்சியம் பொடி தூவுகிறேன், மாதத்தில் இரண்டு தடவை மட்டும் டி3யும் வைட்டமினும் சேர்ந்தது.

கூண்டு சரியாக இருக்கிறதா என்று துரையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். எச்சத்தோடு வருகிற சிறுநீர்க் கட்டி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதுமானது, ஆரஞ்சாக இருந்தால் போதவில்லை. கண் குமிழ் உள்வாங்கினால் தண்ணீர்க் குறை, அல்லது வேறு நோய், டாக்டரிடம் ஓடவேண்டும். நிறம் பின்னணிக்குத் தகுந்த மாதிரி மாறும் என்று நாம் அரசியல்வாதிகளை வைத்துச் சொல்வது பாதிகூட உண்மையில்லை. சூடு, கோபம், பயம், தூக்கம், இதற்குத்தான் பெரும்பாலும் மாறுகிறது. விடிந்ததும் குளிருக்கு உடம்பின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி விளக்குக்குக் காட்டுவார், அந்தப் பக்கம் மட்டும் கரும்பச்சை, மறுபக்கம் வெளிர். தோசை திருப்புகிற மாதிரி பிறகு திரும்பிக்கொள்வார்.

மூன்றாம் தடவை கட்டி முடித்து, துரையைத் திரும்ப விட்ட மறுநாள் விடிகாலை, தெளிப்பான் ஓடுகிற நேரத்துக்கு மகளும் நானும் இருட்டிலேயே தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். பம்பு உறுமி நின்றது. விளக்கு வந்தது. ஷெஃப்லெரா இலை நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது. துரை கிளையில் முன்னும் பின்னுமாகக் காற்றில் ஆடுகிற இலை மாதிரி ஆடிக்கொண்டே வந்து, வாயை மெல்லத் திறந்து, இலையின் ஓரத்தைத் தாடையால் கவ்வி, நாக்கு நுனியை மட்டும் நீட்டினார். தொண்டைப் பை ஏறி இறங்கியது. ஒவ்வொரு முழுங்கலுக்கும் கண் குமிழ்கள் இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன. ஏழு நிமிடம் குடித்தார், மகள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்க்க அவர் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது பிப்ரவரி. வாளி பத்து நாளைக்குப் பாதிதான் நிறைகிறது, உள்ளே போகிற தண்ணீரில் நிறைய செடியும் காற்றும் எடுத்துக்கொள்கின்றன. லாமினேட்டில் நாலு பலகை மாற்றினேன், புதுப் பலகையின் நிறம் பழையதோடு ஒட்டவில்லை. கதவுக்குக் காந்தப் பூட்டு போட்டது தப்பு, ஈரத்தில் காந்தம் துருப்பிடித்து அடியில் பழுப்பாக வழிகிறது, அடுத்த வாரம் பிளாஸ்டிக் கொக்கி மாற்றவேண்டும். ஜூன் வந்து வெளியே 22 டிகிரி தாண்டினால் பின்பக்கம் வெயிலில் வைக்க ஒரு சின்ன வலைக்கூண்டு கட்டுவதாக இருக்கிறேன். அதற்கு வாட்டம் தேவையில்லை, புல்தரை. அப்பாவிடம் சொன்னேன், "புல்லுல வெச்சாலும் மேட்டுல வை" என்றார். அம்மா மட்டும் போனில் முதலில் துரையைக் காட்டச் சொல்கிறார், பேத்தியை அப்புறம்தான் கேட்கிறார்.